கோல்ஃப் ஆட்டத்தில் மட்டை வீச்சு

கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. டென்னிஸில் எதிரில் நிற்பவர் அதைத் திசைமாற்றி அனுப்புகிறார். கோல்ஃப் ஆட்டத்திலோ பந்து புல்லின்மீது அசையாமல் கிடக்கிறது. எவரும் குறுக்கிடுவதில்லை, அவசரப்படுத்துவதுமில்லை. அப்படியிருந்தும் அதனை நேராகவும் நெடுந்தொலைவும் அடிப்பது மிக அரிதாக இருக்கிறது. இதற்குக் காரணம் யாது?

ஸ்காட்லாந்தில் வளர்ந்த இவ்வாட்டத்திற்கு நம் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் திடல்கள் உண்டு. மாணவர்களாகிய உங்களுள் பலர் அவற்றைக் கண்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் உடற்பயிற்சியையும் இயற்பியலையும் ஒருங்கே கற்பிக்க இந்த மட்டை வீச்சு நல்லதொரு பாடம் என்பது பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற என் கருத்து.

முதலில் சில அளவுகளை நோக்குவோம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இது விதி. நெடுந்தொலைவு அடிப்பதற்குரிய மட்டையின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ளது. தொழில்முறை ஆட்டக்காரர் வீசுகையில் அத்தலை மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. உயர்த்திய மட்டை கீழிறங்கிப் பந்தை அடையக் கால் நொடி அளவே ஆகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமோ, ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு!

கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கை இயங்குவதற்கே ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். ஆகவே, மட்டை இறங்கத் தொடங்கிய பின் பிழையைக் கண்டு திருத்த அவகாசமே இல்லை. பந்தின் வழி, மட்டை அதைத் தொடுமுன்னரே முடிவாகிவிடுகிறது. இந்த உண்மையை மனத்திற் கொண்டால், பயிற்சி எங்கே தொடங்கவேண்டும் என்பது விளங்கும்.

முதற்படி பிடி. வலக்கையர் இடக்கையை மேலேயும் வலக்கையை அதற்குக் கீழேயும் வைத்துப் பிடிப்பர். வலக்கைச் சிறுவிரலை இடக்கை விரல்களின்மேல் படியவைத்து, இரு கைகளையும் ஒரு கைபோல் இணைக்கும் முறையைப் பரப்பியவர் ஹாரி வார்டன். பிரிட்டனின் ஓப்பன் போட்டியை 1896 முதல் 1914 வரை ஆறு முறை வென்றவர் அவர். பிடி நழுவாத அளவுக்கு உறுதியாக இருந்தாற் போதும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்துவிடும்.

இரண்டாவது, நிலை. பாதங்களை ஏறக்குறையத் தோளளவு அகற்றி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பிலிருந்து முன்சாய்ந்து நிற்கவேண்டும். மூன்றாவது, மட்டையைப் பின்னே கொண்டு செல்லுதல். இதைக் கைகள் மட்டும் செய்யலாகாது. தோள்களும் உடலும் திரும்பவேண்டும்.

நான்காவதே உயிர்நாடி: இறங்கும் வரிசை. முதலில் இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பும். அதைத் தொடர்ந்து மார்பும், பின்னர்க் கைகளும், இறுதியில் மணிக்கட்டும் இயங்கும். துவைகல்லில் ஈரத்துணியை அடிப்பவரைப் பாருங்கள். கை முன்னே வரும்போது துணியின் நுனி பின்தங்கி நிற்கிறது; கையின் வேகம் தணியும் தறுவாயில் நுனி சாட்டைபோல் விரைந்து கல்லில் விழுகிறது. மட்டையின் தலையும் அவ்வாறே. அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இதனை இரட்டை ஊசலாக விளக்கினர். தோளருகே ஒரு கீல். மணிக்கட்டில் மற்றொரு கீல். இரண்டாவது கீல் காலம் தாழ்த்தித் திறக்கவேண்டும். புதிதாகக் கற்பவர் ஆர்வ மிகுதியால் கையையும் மணிக்கட்டையும் முதலிலேயே முடுக்கிவிடுகிறார். சேர்த்த வேகம் பந்தை அடையுமுன்பே செலவாகிவிடுகிறது.

வலிமை ஒன்றே போதுமாயின், பென் ஹோகன் என்னும் அமெரிக்கரின் வெற்றியை விளக்க இயலாது. 1949 பிப்ரவரியில் அவருடைய கார்மீது பேருந்து மோதியது. இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. மீண்டும் நடப்பாரா என்றே பலரும் ஐயுற்றனர். ஆனால் 1950 ஜூனில், கால்களில் கட்டுகளுடன், மெரியன் திடலில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார்! உடல் நலிந்திருந்தது, பல்லாண்டுப் பயிற்சியால் உடலிற் பதிந்த வரிசை நலியவில்லை. இறங்கும் வீச்சை இடுப்பே தொடங்கவேண்டும் என்பதை 1957-இல் வந்த தம் நூலில் அவர் வற்புறுத்தியுள்ளார்.

பழகும் முறை எளிது. முதலில் பந்தின்றிப் பாதி வேகத்தில் வீசுங்கள். மட்டை புல்லை ஒரே இடத்தில் வருடுகிறதா என்று கவனியுங்கள். பின்னர்ப் பாதங்களைச் சேர்த்து நின்று வீசுங்கள். கை முந்தினால் உடல் தள்ளாடி, பிழையைத் தானே காட்டிவிடும். வீச்சு முடிந்தபின் மூன்று நொடி அசையாமல் நிற்க முடிகிறதா எனப் பாருங்கள். இவை கைவந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

விரைவாகச் செய்யவேண்டியதை மெதுவாகக் கற்றுக்கொள்ளுங்கள். கால் நொடியில் நடந்தேறும் செயலுக்குக் காலமெல்லாம் பயிற்சியா என்று மலைக்க வேண்டா. அந்தக் கால் நொடியில் சிந்திக்க இடமில்லாமையாலன்றோ முன்கூட்டியே இத்தனை பயிற்சியும் வேண்டப்படுகிறது!