திரௌபதியைப் பார்க்கும் பெண்கள்

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில், சிலாபத்துக்கு வடக்கே இருக்கும் உடப்பு, கரைவலை இழுத்து வாழும் தமிழ் ஊர். ஆடியில் அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பாரதக் கதையின் கட்டங்கள் சடங்குகளாக நடந்து தீமிதிப்பில் முடியும். நேர்த்தி வைத்தவர்கள் பூக்குழியில் இறங்குவார்கள். அந்த ஊரில் மகாபாரதத் தொடர் ஓடினால், திரையில் வருகிறவள் அவர்கள் கும்பிடும் அம்மன்.

தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு தெரியாது. எந்த அலைவரிசை எத்தனை நிமிடம் ஓடியது என்பதோடு அது நின்றுவிடும். பார்த்தவர் மனதில் என்ன ஓடியது என்று அறிய வீட்டுக்குள் போக வேண்டும். 1980களில் ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லி தென் லண்டனில் 18 குடும்பங்களிடம் பேசினார். ரிமோட் பெரும்பாலும் அப்பாவின் கையில். பெண்கள் வீட்டு வேலையோடு வேலையாகப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் இன்னொரு ஆய்வாளர் இயன் ஆங் ஒரு பெண்கள் இதழில் விளம்பரம் கொடுத்து, 'டல்லஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் பற்றி எழுதச் சொன்னார். 42 கடிதங்கள் வந்தன. டெக்சாஸ் எண்ணெய்ச் சீமான்களின் ஆடம்பரம் எட்டாததுதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் துக்கம் ரசிகர்களுக்கு உண்மையாகப் பட்டிருந்தது.

நமக்கு மிக நெருக்கமானது பூர்ணிமா மங்கேகரின் ஆய்வு. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஓடியது. அதில் சபையில் திரௌபதியைத் துகிலுரியும் காட்சியைப் பற்றி டில்லிப் பெண்களிடம் மங்கேகர் கேட்டார். தொடரை எடுத்தவர்கள் அதில் இந்தியப் பெண்ணின் பொது நிலையைக் காட்ட எண்ணியிருந்தார்கள். பார்த்த பெண்களோ, சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் திரௌபதியின் கோபத்தைப் பற்றிக்கொண்டு தங்கள் சொந்த வாழ்வின் அவமானங்களைப் பேசினார்கள். 1999இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. நாடகம் பார்த்து அழும் பெண்களை ஏளனம் செய்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்.

உடப்பு இருக்கும் இந்தப் புத்தளக் கரையிலும் இப்படிக் கேட்க வேண்டியவை ஏராளம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள், நாடகத்தில் ஒருத்தி வீட்டை இழக்கும்போது என்ன பேசிக்கொள்கின்றன? மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவள், பணக்கார வீட்டுக் கதையை எந்தக் கண்ணோடு பார்க்கிறாள்? தீ மிதித்தவளுக்குத் துகிலுரியும் காட்சி எப்படி இருக்கும்?

ஊடகக் கல்வி பயிலும் நம் மாணவர்கள் இவற்றை எழுத வேண்டும். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. உங்கள் அம்மாவோடும் அயல்வீட்டு மாமியோடும் இருந்து பாருங்கள், கேளுங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே குறித்து வையுங்கள்.