மூக்கு ஒழுகலில் தொடங்கும் இளைப்பு

முதல் நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. அடுத்த நாள் இருமல். மூன்றாம் நாள் இரவு, மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறது. கைக்குழந்தையின் மூச்சுக்குழல்கள் இயல்பிலேயே மிகச் சிறியவை. உட்சுவர் வீங்கி, கோழையும் சேர்ந்து ஒரு குழலின் விட்டம் பாதியாகிவிட்டால், காற்று கடக்கும் தடை பதினாறு மடங்கு ஏறும். ‘வீசிங்’ என்று நாம் சொல்லும் இந்த இளைப்பு திரும்பத் திரும்ப வந்து, ஐந்தாறு வயதில் மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லும்போது, சளியை அப்போதே கவனிக்காமல் விட்டோமோ என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அப்படி நொந்துகொள்ளத் தேவையில்லை. ஆஸ்துமாவில் சளி வைரஸுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது எந்தக் குழந்தையின் நெஞ்சுக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே விளைவு பெரும்பாலும் அமைகிறது.

வைரஸின் பங்கு நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 9 முதல் 11 வயதுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வில், மூச்சை வெளியே ஊதும் வேகம் குறைந்த தருணங்களில் சுமார் 80 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. அவற்றில் பெரும்பான்மை சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998 முதல், பெற்றோரில் ஒருவருக்காவது ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள 289 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து கவனித்தார்கள். குழந்தைக்கு இளைப்பு வந்தபோதெல்லாம் மூக்குச் சளியைச் சோதித்து எந்த வைரஸ் என்று குறித்துவைத்தார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் ரைனோ வைரஸால் இளைப்பு கண்ட குழந்தைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். அதிகம் அஞ்சப்படும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கோ அது இரண்டரை மடங்கு அளவில்தான். மூன்றாம் வயதில் ரைனோ வைரஸால் இளைத்த 30 பேரில் 26 பேருக்குப் பின்னர் ஆஸ்துமா இருந்தது.

இந்த எண்களைப் பார்த்ததும் வைரஸே நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். அதே குழந்தைகளை வைத்து 2012இல் வெளியான அலசல் அந்த அவசரத்தைத் தடுக்கிறது. எது முதலில் வந்தது என்று பார்த்தபோது, ஒவ்வாமை முன்னதாகவும் வைரஸ் இளைப்பு அதைத் தொடர்ந்தும் வந்திருந்தது. தலைகீழ் வரிசைக்குச் சான்று கிடைக்கவில்லை. இதற்கு உடலியல் காரணமும் உண்டு. வைரஸ் புகுந்ததும் மூச்சுக்குழல் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற காவல் புரதத்தைச் சுரந்து அது பெருகுவதைத் தடுக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களின் செல்களில் இந்தச் சுரப்பு குறைந்திருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இதைவிட வலுவான சான்று ஒரு மருந்திலிருந்து வந்தது. அமெரிக்க நகரங்களில், பள்ளி திறந்து சளி பரவும் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஆஸ்துமா குழந்தைகளுக்கு ஒமாலிசுமாப் கொடுத்தார்கள். அது வைரஸைத் தொடாது. ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. எதிர்ப்புரதத்தை மட்டும் பிடித்து வைக்கும். அப்படியிருந்தும் அந்தப் பருவத்தில் ஆஸ்துமா தீவிரமடைந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தார்கள்.

அப்படியானால் வைரஸ் வெறும் சாட்சிதானா என்று கேட்கலாம். அதுவும் சரியல்ல. டென்னசியில் 1,700க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், முதல் வயதில் ஆர்.எஸ்.வி. தொற்றாதவர்களுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா 26 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. எதிர்ப்புரதம் கொடுத்துச் செய்த பெரிய பரிசோதனையில், மருத்துவமனைச் சேர்க்கை 87 சதவீதம் குறைந்தும் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான இளைப்பு குறையவில்லை. ஒரு வைரஸைத் தடுப்பது உயிரைக் காக்கும். ஆஸ்துமாவை அது மட்டுமே ஒழித்துவிடாது. சிறு வயதில் கிருமிகளோடு பழகுவது ஒவ்வாமையைக் குறைக்கும் என்ற கருத்தும் இதற்கு முரணல்ல. மூக்கோடு நிற்கும் சளி வேறு, நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை இறுக்கும் சளி வேறு.

இளைத்த குழந்தைகள் எல்லோரும் ஆஸ்துமாவுக்குப் போவதும் இல்லை. அரிசோனாவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கிய ஆய்வில், மூன்று வயதுக்குள் இளைப்பு கண்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. ஆகவே ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்து குழந்தையை வீட்டுக்குள் அடைக்க வேண்டாம்; வைரஸிடம் பலிக்காத ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். ஆனால் சளி பிடிக்கும்போதெல்லாம் இளைப்பு, தோலில் கரப்பான், பெற்றோருக்கு ஆஸ்துமா இவை சேர்ந்திருந்தால், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் சிகரெட், பீடிப் புகை வேண்டாம். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். அது அடிமையாக்கும் மருந்து அல்ல. அடுத்த சளி வரும். அதை எதிர்கொள்ள அந்த மூச்சுக்குழலை இப்போதே தயார்ப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.