குட்டி யானைக்குத் தீனி எங்கிருந்து?

இயற்கை வேளாண்மைக்கு வந்தவர்களில் பலர் உரக்கடைக் கடனில் இருந்து மீண்டுவிட்டோம். விளைந்ததை நாமே விற்கலாம் என்று இறங்கியதும் அடுத்த கேள்வி வருகிறது: வண்டி வாங்கலாமா? அதுவும் சங்கத்துக் கடன், நகைக் கடன் எல்லாம் இருக்கும்போதே வாங்கலாமா? மீஞ்சூர் பக்கமிருந்து எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வரைக்கும் அரிசியும் காய்கறியும் கொண்டுபோய் விற்கிறவன் நான். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரிந்த வகையில் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் தொகை மாறும், முறை மாறாது.

வண்டிக் கடன் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி எண்ணூரில் ஆலை போட்டதுதான் இன்றைய அசோக் லேலண்ட். வண்டிகளுக்குத் தவணைக் கடன் தரும் சுந்தரம் பைனான்ஸ் 1954-ல் சென்னையில் தொடங்கியது. துறைமுகத்து லாரி மாதம் முழுக்க ஓடும், மாதா மாதம் காசு வரும். மாதத் தவணை அந்தத் தொழிலுக்குப் பொருந்தியது. 2005-ல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதைக் ‘குட்டி யானை’ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, அதே தவணை சிறு விவசாயி வாசலுக்கும் வந்தது. ஆனா நமக்குக் காசு வருவது அறுவடைக்கு. தவணைக்கு அறுவடை எப்போதென்று தெரியாது, அதுக்குத் தெரிந்தது தேதி மட்டும்தான். சிக்கலே இங்கேதான்.

முதலில் பழைய கடனை வரிசைப்படுத்துங்க

எல்லாக் கடனும் ஒன்றல்ல. ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் பாக்கி, வட்டி, கெடு மூன்றையும் எழுதுங்க.

கூட்டுறவு சங்கத்துப் பயிர்க் கடனைத் தமிழ்நாட்டில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கியில் உழவர் கடன் அட்டை மூலம் 3 லட்சம் ரூபாய் வரை வாங்கும் பயிர்க் கடனுக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம். இவற்றை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம், கெடு தவறாமல் கட்டினால் போதும். அதேபோல, இந்தப் பணத்தை எடுத்து வண்டிக்கு முன்பணமாகக் கட்டவும் கூடாது. அது நெல்லுக்கும் கத்தரிக்கும் வாங்கிய பணம். பயிரில் போடாமல் வண்டியில் போட்டால் கெடுவுக்குள் கட்ட வழி இருக்காது, வட்டிச் சலுகையும் போய்விடும்.

தண்டல் இருந்தால் கதையே வேறு. காசிமேட்டு மீன்காரம்மாக்கள் முதல் நம்ம கீரைக்காரங்க வரை பலருக்கும் இது பழக்கம். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். பார்க்க 1,500 ரூபாய்தான் வட்டி மாதிரி இருக்கும். ஆனா முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி விழுகிறது. இப்படி ஒரு கடனை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்பணம் சேர்ப்பதில் அர்த்தமில்லை. முதலில் அதை அடைங்க. அதன் பிறகு தினம் அந்த 100 ரூபாயை எடுத்து வையுங்க. மாதம் 3,000 ரூபாய் முன்பணமாகச் சேரும்.

நடைக் கணக்கு

‘வாடகைக்குக் கொடுக்கும் காசைத் தவணையாகக் கட்டினால் வண்டி நமக்குச் சொந்தம்’ என்று எல்லோரும் சொல்வோம். எத்தனை நடை என்பதைப் பொறுத்துத்தான் அது உண்மை.

ஒரு நடைக்கு வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டி என்றால் அதே நடைக்கு டீசல் 500. ஆக, ஒரு நடைக்கு மிச்சம் 1,000. இனி நிலையான செலவு: தவணை 8,750. காப்பீடு, சாலை வரி, எஃப்.சி. இவற்றுக்கு மாதம் எடுத்து வைக்க வேண்டியது 3,500. டயர், சர்வீஸ், திடீர் ரிப்பேருக்கு 2,500. மொத்தம் 14,750. வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தத் தீனி போட்டே ஆகணும்.

14,750-ஐ 1,000-ஆல் வகுத்தால், மாதம் 15 நடை போனால்தான் கட்டுபடியாகும். வாரம் இரண்டு நடை போகிறவருக்கு மாதம் எட்டு நடைதான் வரும். அவர் வாடகைக்கு வைத்தால் 12,000-ல் முடியும். சொந்த வண்டி என்றால் 18,750. மாதா மாதம் 6,750 ரூபாய் விளைச்சல் பணத்திலிருந்து யானைக்குப் போகும்.

அதே வண்டியை மூன்று பேர் சேர்ந்து ஓட்டினால் மாதம் 24 நடை. வாடகை 36,000 ஆகியிருக்கும் இடத்தில் 26,750-ல் முடிகிறது. கூட்டாக எடுக்கும்போது ஒருவர் பெயரில்தான் கடன் இருக்கும். அதனால் யார் எத்தனை நடை, ரிப்பேரில் யார் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்க. மற்றவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதென்றால் மஞ்சள் பலகையும், சரக்கு வண்டிக்கான காப்பீடும் கட்டாயம்.

கீரை, பூ மாதிரி எடை குறைந்த சரக்குக்கு வண்டியே வேண்டாம். கும்மிடிப்பூண்டி தடத்து மின்ரயில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் எல்லாம் நிற்கிறது, வியாபாரிகள் பெட்டியும் உண்டு.

தவணைத் தேதி

எங்க வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஆலையிலும் துறைமுகத்திலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். அரிசி மூட்டை முதல் பத்து நாளில் போய்விடும். இருபதாம் தேதிக்கு மேல் ‘சம்பளம் வந்ததும் தர்றேன் அண்ணா’ என்ற பேச்சுதான். அதனால் தவணைத் தேதியை மாதத்தின் 10-ஐ ஒட்டிக் கேட்டு வாங்கணும். உங்கள் சந்தையில் காசு எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற தேதியைக் கேளுங்க. தவணை தவறினால் சிபிலில் பதிவாகும், அடுத்த கடன் கேட்கப் போகும்போது வங்கியில் அதைப் பார்ப்பார்கள்.

ஆறு தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்த பிறகே வண்டி எடுப்பது என் கட்டுப்பாடு. மழையில் ஒரு போகம் போனாலும், நகையை மறுபடி அடகு வைக்காமல் வண்டி வாசலில் நிற்கணும்.

கையெழுத்துக்கு முன்

‘வட்டி வெறும் 10 சதவீதம்’ என்றால், நிலை வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா என்று கேளுங்க. 3 லட்சம் ரூபாய்க்கு 10 சதவீத நிலை வட்டி, 4 வருஷம் என்றால் வட்டி 1,20,000. தவணை 8,750. கட்டி முடித்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறோம். குறையும் பாக்கிக் கணக்கில் இது ஏறத்தாழ 17.6 சதவீதம். வங்கி 12 சதவீதம் என்று சொல்லும்போது கூடுதலாகத் தெரியலாம், உண்மையில் அதுதான் மலிவு.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைத் தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுக்கு எடுத்துவந்து படிங்க. முன்கூட்டி அடைத்தால் கட்டணம் எவ்வளவு, தவணை தாமதமானால் அபராதம் எவ்வளவு என்பதும் பாருங்க. வங்கியில் முத்ரா கடன் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பைனான்ஸ் பக்கம் போங்க. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் பதிவை நீக்கினால்தான் வண்டி முழுசா நம்முடையது.

வாங்க நினைக்கிறவங்க மூன்று மாதம் வாடகை வண்டியிலேயே போய், ஒவ்வொரு நடைக்கும் தேதி, சரக்கு, வாடகை, கைக்கு வந்த பணம் என்று நோட்டில் எழுதுங்க. அதோடு மாதம் 8,750 ரூபாயை, தவணை கட்டுவது போலவே, தனியாக எடுத்து வையுங்க. மூன்று மாதமும் பயிர்ப் பணத்தைத் தொடாமல் வைக்க முடிந்தால், 26,250 ரூபாய் முன்பணம் கையில் இருக்கும், தைரியமாகப் போங்க. முடியவில்லையென்றால் வண்டிக்கு இன்னும் நேரம் வரவில்லை, சேர்ந்தவரைக்கும் பழைய கடனில் கட்டுங்க.