ஜொராசங்கோ இல்லமும் தாகூரும்: வீட்டைக் காத்தல் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

சுங்கை பூலோவில் இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்த நிலம், இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராக உருமாறி வருகின்றது. தோட்டங்கள் நகரங்களாகும்போது லயத்து வீடுகளும் மறைகின்றன. இந்நிலையில், பரம்பரை இல்லத்தைக் காத்தல் என்பது சுவர்களைக் காப்பது மட்டும்தானா என்னும் வினா எழுகின்றது. செல்வக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் (1861-1941) வாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லத்தின் பின்னணி

வடகல்கத்தாவின் ஜொராசங்கோவில் 1784ஆம் ஆண்டு நீலமணி தாகூர் குடியேறினார். அவர் வழிவந்த துவாரகாநாதர் நிலக்கிழாராகவும் வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டியவர். 1846இல் அவர் இலண்டனில் மறைந்தபின் குடும்ப வணிக நிறுவனம் வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் அறக்கட்டளை ஆவணத்தால் சில நிலவுடைமைகள் கடன்கொடுத்தோரின் உரிமைக்கு அப்பாற்பட்டிருந்தன. எனினும், துவாரகாநாதரின் மகன் தேவேந்திரநாதர் அப்பாதுகாப்பின்பின் ஒதுங்காமல், கடன் முழுவதையும் அடைக்கும் பொறுப்பை ஏற்றார். இவ்வாறு, இல்லத்தின் பெயரை முதலில் காத்தது செல்வமன்று, நேர்மையே எனலாம். அவருடைய மகனே இரவீந்திரநாத்.

செல்வத்தைப் பயன்படுத்திய முறை

குடும்ப நிலங்களின் மேற்பார்வை இரவீந்திரநாத்தின் பொறுப்பில் வந்தபோது, அவர் கிழக்கு வங்காளத்தின் ஷிலாய்தஹாவில் தங்கிக் குடியானவர் வாழ்வை நேரில் கண்டார். 1897இல் ஜொராசங்கோ வளாகத்தில் தமக்கென எழுப்பிய கட்டடம், பின்னர் 'விசித்திரா' கலைக்கழகத்தின் இருப்பிடமாயிற்று. அங்கு ஓவியமும் இலக்கியமும் வளர்ந்தன.

ஆயினும் எல்லா உடைமைகளையும் அவர் இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது, பூரியிலிருந்த தம் வீட்டை விற்றார். மனைவி மிருணாளினி தேவியும் தம் நகைகளை அளித்தார். 1913இல் கிட்டிய நோபல் பரிசுத் தொகை பதிசர் வேளாண்மை வங்கியில் இடப்பட்டது. குடியானவர்க்குக் கடனும் பள்ளிக்கு வட்டியும் கிடைப்பதே அதன் நோக்கம். 1921இல் விசுவபாரதி உருவாகியது. 1927இல் அவர் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு வந்ததன் நோக்கங்களுள் ஒன்று, அந்நிறுவனத்திற்கு ஆதரவு திரட்டுவதாகும்.

நிலைத்த பகுதியும் மறைந்த பகுதியும்

ஜொராசங்கோவில் தாகூர் குடும்பத்திற்கு 5, 6 என்னும் இலக்கங்களில் இரு வீடுகள் இருந்தன. ஓவியர்களான ககனேந்திரநாத், அவனீந்திரநாத் ஆகியோர் வாழ்ந்த 5ஆம் இலக்க வீடு கைமாறி, பின்னர் இடிக்கப்பட்டது. வங்கக் கலையின் மறுமலர்ச்சிக்கு நாற்றங்காலாக இருந்த அதனைப் புகழும் காக்கவில்லை. 1941 ஆகஸ்டு 7ஆம் நாள் கவிஞர் உயிர் நீத்த 6ஆம் இலக்க இல்லமோ, 1962 முதல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் வளாகமாகவும் அருங்காட்சியகமாகவும் விளங்குகின்றது. பொதுப்பயன் பெற்ற வீடு நிலைத்தது; தனியுடைமையாகவே நின்ற வீடு மறைந்தது.

எழுத்தில் நிலைத்த வீடு

'ஜீவன்ஸ்மிருதி' (1912), 'செலேபேலா' (1940) ஆகிய நூல்களில் தாகூர் அவ்வில்லத்தை வேறொரு வகையில் காத்தார். அவற்றில் முதன்மை பெறுவது மாளிகையின் பெருமையன்று. பணியாளர் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டத்தைத் தாண்ட அஞ்சி, சன்னலருகே அமர்ந்து குளத்தையும் ஆலமரத்தையும் நோக்கிய சிறுவனின் உலகமே அங்குப் பதிவாகியுள்ளது. பணியாளர் ஆட்சியில் கழிந்த இளமையின் கடுமையையும் அவர் மறைக்கவில்லை. இத்தகைய உண்மையே அந்நினைவுகளுக்கு வலிமை தருகின்றது.

முடிவுரை

தாகூருக்கு வாய்த்த செல்வமும், அவர் மறைவுக்குப்பின் கிட்டிய அரசின் ஆதரவும் லயத்து வீட்டிற்கு வாய்க்கவில்லை. அதனைச் சுவராகக் காப்பது பெரும்பாலும் இயலாததாகிவிட்டது. எனினும் எழுத்தாகக் காக்கும் வழி செல்வத்தைச் சார்ந்ததன்று. தாத்தா பாட்டியர் வாழ்ந்த வீட்டின் வாசல், அடுப்படி, தண்ணீர்க் குழாய், கோயில் மணியோசை ஆகியவற்றைக் கேட்டெழுதும் பயிற்சியைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் மேற்கொள்ளலாம். பெருமையோடு துன்பத்தையும் எழுதச் செய்தல் இன்றியமையாதது. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெற வேண்டும்.