தாய்ப்பாலின் குறுஞ்சர்க்கரைகளும் குடல் நோய்த்தொற்றும்: வேலூர் ஆய்வை முன்வைத்து

தாய்ப்பாலில் லாக்டோசு, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்து மிகுந்துள்ள திடப்பொருள், ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் குறுஞ்சர்க்கரைகளாகும். ஒரு லிட்டர் முதிர்பாலில் இவை ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை உள்ளன. பசும்பாலிலோ மிகக் குறைவு. குழந்தையின் செரிமான நொதிகளால் இவற்றைச் சிதைக்க இயலாது. குழந்தைக்கு நேரடியாக உணவாகாத ஒரு பொருளைத் தாயின் உடல் இத்துணை மிகுதியாக ஆக்குவது ஏன்?

இவற்றை உண்பவை பெருங்குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியங்கள். அவை வெளியிடும் அமிலங்களால் தீங்கு செய்யும் பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைப்படுகிறது. பாலிலுள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதமும், இரும்பைப் பற்றிக்கொண்டு அவற்றுக்குக் கிட்டாமல் செய்கிறது. இவற்றினும் நுட்பமானது ஏமாற்று ஏற்பியின் செயல். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர், குடற்சுவரில் ஃபுகோசு கொண்ட சர்க்கரை அமைப்பைப் பற்றியே ஒட்டுகிறது. அதே அமைப்பு பாலிலும் இருப்பதால், பாக்டீரியா அதனைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறிவிடுகிறது. 2′-ஃபுகோசில்லாக்டோசு மிகுந்த பாலை அருந்திய குழந்தைகளிடம் கேம்பைலோபாக்டர் வயிற்றுப்போக்கு குறைவாக இருந்ததை மெக்சிகோவில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் எல்லாத் தாயரும் இச்சர்க்கரையை ஆக்குவதில்லை. அது மரபணுவைச் சார்ந்தது.

இவ்விளக்கத்தை எல்லா நோய்க்கிருமிகளுக்கும் பொதுவாக்குவது பிழை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாய்-சேய் இணைகளிடம் நிகழ்ந்து, 2018இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பிறந்த குழந்தைகளைத் தொற்றும் ஜி10பி[11] வகை ரோட்டா வைரசைப் பற்றியது. இது பாக்டீரியா அன்று, வைரசு. ஆயினும் வினா ஒன்றே. தொற்றுடன் வயிற்று நோய்க்குறிகளும் கண்ட குழந்தைகளின் தாயர் பாலில் 2′-ஃபுகோசில்லாக்டோசு உள்ளிட்ட மூன்று குறுஞ்சர்க்கரைகள் மிகுந்திருந்தன. மெக்சிகோவில் காவலாக நின்ற சர்க்கரை இங்கே நோயின் பக்கம் காணப்பட்டது. பாலிலும் மலத்திலும் என்டெரோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகிய பாக்டீரியாக்களின் மிகுதியும் இச்சர்க்கரைகளின் அளவோடு தொடர்புற்றிருந்தது. தொடர்பு காரணமாகாது, எனவே இதனைத் தாய்ப்பாலுக்கு எதிரான சான்றாகக் கொள்ளுதல் தகாது. ஏமாற்று ஏற்பி குறிப்பிட்ட கிருமிக்கே உரியது என்பதே இங்கு பெறப்படுவது. பால்மாவில் ஓரிரு குறுஞ்சர்க்கரைகளைச் சேர்த்துப் பொதுவான நோய்த்தடுப்பு கூறும் விளம்பரங்கள் இதனைக் கருதுவதில்லை.

பிறந்த குழந்தைகளிடம் பெற்ற வைரசிலிருந்து உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் தொற்றுத்திறனையும் சில குறுஞ்சர்க்கரைகள் கூட்டுவதை இதே ஆய்வு கண்டது. வாய்வழி தரப்படும் உயிருள்ள தடுப்பு மருந்து குடலில் பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் செவ்வனே உருவாகும். நோயோடு இணைந்து காணப்பட்ட அதே பண்பு, தடுப்பு மருந்துக்குத் துணையாகக்கூடும்.