தோலின் கீழ் ஒரு மென்கட்டி

தோளிலோ முதுகிலோ மென்மையான கட்டியொன்று தட்டுப்பட்டால், "புற்றுநோயோ?" என்று பயந்து மறைப்பவர்களையும், "நோகவில்லைத்தானே" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்களையும் நாம் கிராமங்களில் சந்திக்கிறோம். இரண்டும் சரியல்ல. எதை விட்டுவைக்கலாம், எதை உடனே காட்டவேண்டும் என்று அறிந்துகொள்வோம்.

கொழுப்புக் கட்டி என்றால் என்ன?

தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்புக் கலங்கள் ஓரிடத்தில் மிஞ்சிப் பெருகி, மெல்லிய உறைக்குள் திரள்வதே கொழுப்புக் கட்டி. வைத்தியர்கள் இதை லிப்போமா என்பார்கள். 40 முதல் 60 வயதுக்குள் கூடுதலாகக் காணப்படும். பிசைந்த மாப்போல இருக்கும், விரலால் தள்ளினால் நகரும், பொதுவாக நோகாது, மெல்லவே வளரும். இது தொற்றாது. புற்றுநோயாக மாறுவது மிக அரிது.

பட்டினியால் உடம்பு மெலிந்தாலும் இக்கட்டி மெலியாது. சுற்றியுள்ள சதை வற்றும்போது புடைத்துத் தெரியும். இடம்பெயர்ந்து வாடிய காலத்தில் இப்படித் தெரிவதைக் கண்டு, கட்டி வளர்ந்துவிட்டதாக எண்ணலாம். அளந்து, திகதியோடு எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

1. தேசிக்காயளவை, அதாவது 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால்.
2. தொடர்ந்து வளர்ந்தால், அல்லது நோவெடுத்தால்.
3. கடினமாக, ஆழத்தில், நகராமல் இருந்தால்.
4. மார்பகம், கழுத்து, கமக்கட்டு, கவட்டுப் பகுதியில் புதிதாகத் தோன்றினால்.
5. வெட்டி எடுத்த இடத்தில் மீண்டும் வந்தால்.

செல் காயம் பட்டவர்களுக்கு

பழைய காயத்தின் அருகே உள்ள கட்டியைக் கொழுப்பென்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே உலோகத் துண்டு இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், செல் காயம் பட்டதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைக்கக்கூடும்.

சிகிச்சை

தொந்தரவில்லாத கொழுப்புக் கட்டிக்குச் சிகிச்சை தேவையில்லை. சாக்குமூட்டை சுமக்கும் தோளில் உறுத்தினால் அகற்றலாம். சிறியதென்றால் அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சூடு வைப்பதும், நூலால் கட்டுவதும், பிளேட்டால் கீறுவதும் வேண்டாம். புண் பழுக்கும், இரத்தம் போகும். கட்டி புற்றுநோயென்றால் காலமும் வீணாகும்.

விடத்தல்தீவுப் பக்கத்தார் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டாலும் மகரகம வரை போகத்தான் வேண்டுமென்பதில்லை. தெல்லிப்பளையிலும் 2013 முதல் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு.

1990இலும் 2008இலும் இவ்வூரார் இடம்பெயர்ந்தார்கள். அவசரத்தில் ஓடும்போது வைத்தியத் துண்டுகளை யாரும் தேடுவதில்லை. ஆகவே, கட்டியை அகற்றினால் ஆய்வுகூட அறிக்கையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அடுத்த வைத்தியருக்கு அதுவே வழிகாட்டும்.