பேரேட்டைத் தெருவில் வைக்காமல் கணக்குப் பார்ப்பது எப்படி?

கரிசல் பூமியில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இது மானாவாரிச் சீமை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் பொய்க்கும். தை, மாசியில் வசூலாக வேண்டிய பாக்கி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். அதனால்தான் யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கைக் கிட்டங்கியில் ஏற்றலாம் என்பதை நம் முன்னோர்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்தார்கள்.

அந்தப் பேரேடு இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-இல் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்றானது. இப்படி அரசாங்கத்துக்காக நாம் ஏற்றி வைத்த கணக்கை நம் சொந்த வியாபாரத்துக்கு எத்தனை பேர் பயன்படுத்திக்கொள்கிறோம்?

டேட்டாபேஸ் என்பது என்ன?

பெரிய பெயராக இருந்தாலும் விஷயம் நமக்குப் பழகியதுதான். வாடிக்கையாளர் ஒரு ஏடு, சரக்கு ஒரு ஏடு, பில் ஒரு ஏடு, வரவு ஒரு ஏடு. ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்குப் போகலாம். இந்த முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காட் என்பவர் 1970-இல் வகுத்துக் கொடுத்தார். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் எதில் ஓடுகிறது என்பதை அதை விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஏடுகளைப் படித்துப் படமாகவும் பட்டியலாகவும் காட்டுவதற்கென்று தனித் தளங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ, மெட்டாபேஸ், நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் ஜோஹோ அனலிடிக்ஸ் ஆகியவை அவற்றில் சில.

இதனால் என்ன லாபம்? ஓர் உதாரணம் பார்ப்போம். 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. எந்த லைனில் பண்டல் விற்பனை குறைந்தது, எந்த லைனில் குறையவில்லை? விலை ஏறிய பிறகு பாக்கி வசூலாக எத்தனை நாள் கூடுதலாக ஆகிறது? கையால் கூட்டினால் ஒரு வாரம் பிடிக்கும் கணக்கு இது. ஏடுகள் ஒழுங்காக இருந்தால் தளம் சில நொடிகளில் காட்டிவிடும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயை வெளியூர்களுக்கு அனுப்புகிறவர்களும், எந்த ஊருக்கு எந்த மாதம் எவ்வளவு போகிறது என்பதை இதேபோல் பார்க்கலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

டேட்டாபேஸ் நம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆய்வுத் தளம் இன்டர்நெட்டில் எங்கோ இருக்கிறது. இரண்டையும் இணைக்க அவசரக்காரர்கள் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். டேட்டாபேஸின் கதவை இன்டர்நெட் பக்கம் நேரடியாகத் திறந்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமான கதவு எண் 3306. இதை உலகத்தில் உள்ள திருடர்கள் எல்லோரும் அறிவார்கள்.

2017 தொடக்கத்தில், இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களில் இருந்ததை அழித்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்று சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பாடம் கற்றார்களா என்றால் இல்லை. 2022 மே மாதம் ஷேடோசர்வர் என்ற அமைப்பு தேடிப் பார்த்தபோது, இன்டர்நெட்டிலிருந்து எட்டும்படியாக 36 லட்சம் மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் இருந்தன.

கல்லாப்பெட்டி போனால் ஒரு நாள் வசூல் போகும். பேரேடு போனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே போய்விடும். எந்த வியாபாரிக்கு என்ன ரேட்டில் கொடுக்கிறோம் என்ற ரகசியம் போட்டியாளர் கைக்குப் போகும். போதாக்குறைக்கு, ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டிய கடமையும் நம் தலையில் இருக்கிறது.

சுரங்கப் பாதை

இதற்கு மாற்று வழியை 1995-இல் பின்லாந்து நாட்டில் தாட்டு யிலோனென் என்பவர் உருவாக்கினார். தம் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்து அவர் எழுதியதே எஸ்.எஸ்.எச். இன்று அதன் இலவசப் பதிப்பான ஓப்பன்எஸ்.எஸ்.எச். உலகெங்கும் ஓடுகிறது.

இம்முறையில் டேட்டாபேஸின் கதவு வெளியே திறப்பதில்லை. வாசலில் ஒரு காவல் கம்ப்யூட்டர் மட்டும் நிற்கும். தளம் அதனிடம் வந்து தன் சாவியைக் காட்ட வேண்டும். சாவி ஜோடியாக இருக்கும். ஒரு பாதி காவல் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும், ரகசியப் பாதி தளத்திடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் பாதை திறக்கும். அதன்பின் போகிற, வருகிற கணக்கெல்லாம் பூட்டிய பையில் போவதுபோலக் குறியீடாக மாறிப் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

நம் பக்கத்து இன்டர்நெட் இணைப்புகள் பலவற்றில் நிலையான முகவரி இருப்பதில்லை. வெளியிலிருந்து தளம் நம் கடையைத் தேடி வருவது கடினம். அப்படிப்பட்டவர்களுக்கு, கடைக் கம்ப்யூட்டரே உள்ளிருந்து வெளியே தொடர்புகொண்டு கணக்கைத் தரும் ஏற்பாடு உண்டு. ஜோஹோவின் டேட்டாபிரிட்ஜ், மைக்ரோசாஃப்டின் கேட்வே இரண்டும் இந்த வகை. வாசல் கதவு மூடியே இருக்கும் என்பது இதில் பெரிய நன்மை.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

1. தளத்துக்கென்று தனிப் பெயரில் கணக்குத் திறந்து, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். திருத்தவோ அழிக்கவோ அனுமதி வேண்டாம்.

2. தேவையான ஏடுகளை மட்டும் காட்டுங்கள். வாடிக்கையாளர் போன் நம்பர், வங்கி விவரம் ஆகியவை விற்பனை ஆய்வுக்குத் தேவையில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமும் வந்திருக்கிறது.

3. காவல் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மூலம் நுழைவதை நிறுத்தி, சாவி மூலம் மட்டும் அனுமதியுங்கள். தள நிறுவனம் தரும் முகவரிகளிலிருந்து மட்டும் வரும்படி செய்யுங்கள்.

4. சாவி வைத்திருந்த ஊழியரோ சாஃப்ட்வேர்காரரோ விலகினால், அன்றே அந்தச் சாவியை நீக்குங்கள். கடைப் பூட்டை மாற்றுவதுபோலத்தான் இதுவும்.

5. பெரிய கணக்குகளைக் கடை அடைத்தபின் இரவில் எடுக்கச் சொல்லுங்கள். தீபாவளி நேரத்தில் பகலில் எடுத்தால் பில் போடுவது மந்தமாகும்.

6. பேக்கப் ஒன்றை வாரந்தோறும் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே பூட்டி வையுங்கள்.

சுரங்கப் பாதை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது போகிற வழியைத்தான் காக்கும். தப்பாக ஏற்றிய பில் தப்பாகவே போய்ச் சேரும். மின்னஞ்சலில் வந்த கெட்ட ஃபைலை ஊழியர் திறந்துவிட்டால் அதையும் தடுக்காது. கணக்கு ஒழுங்கும் ஊழியர் பயிற்சியும் நம் பொறுப்பு.

நெட்வொர்க் வேலை தெரிந்த ஒருவருக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரு நாள் வேலை. அடுத்த முறை உங்கள் சாஃப்ட்வேர்காரர் கடைக்கு வரும்போது, "நம் டேட்டாபேஸ் இன்டர்நெட் பக்கம் திறந்திருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஆம்" என்றோ "தெரியாது" என்றோ பதில் வந்தால், அன்றைக்கே அதை மூடச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.